ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு பேர் ஆடலாம்: கன்டெய்னர் வழியாக வீட்டுக்குள் கேம் ஸ்ட்ரீமிங்

கேம் ஓடுவது ஓர் இடம், ஆடுவது இன்னோர் இடம். கேம் ஸ்ட்ரீமிங் என்றால் இவ்வளவுதான். வீட்டு மூலையில் மானிட்டர்கூட இல்லாத ஒரு கம்ப்யூட்டர் கேமை ஓட்டும். அதன் கிராஃபிக்ஸ் கார்டு வரைகிற ஒவ்வொரு படமும் அங்கேயே வீடியோவாகச் சுருங்கி, ரவுட்டர் வழியாக ஹாலில் இருக்கும் டிவிக்கோ கையில் இருக்கும் ஃபோனுக்கோ போய்ச் சேரும். நீங்கள் அழுத்தும் பட்டன் அதே வழியில் திரும்பிப் போகும். டிவிக்கும் ஃபோனுக்கும் இதில் வேலை ரொம்பக் குறைவு: வந்த வீடியோவை விரித்துக் காட்ட வேண்டும், பட்டன்களை வாங்கி அனுப்ப வேண்டும். அதனால்தான் பழைய லேப்டாப்பிலும் புதிய கேமை ஆட முடிகிறது.

"யூடியூப் மாதிரிதானே?" என்று கேட்பார்கள். மாதிரிதான், ஆனால் ஒரு விஷயத்தில் நேரெதிர். யூடியூப் அடுத்து வரவேண்டிய வீடியோவில் கொஞ்சத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நெட் நடுவில் தடுமாறினாலும் படம் நிற்காது. கேமில் அப்படி இறக்கி வைக்க ஒன்றுமே கிடையாது. அடுத்த நொடியின் படம் இன்னும் பிறக்கவில்லை. நீங்கள் எதை அழுத்துகிறீர்கள் என்று பார்த்துத்தான் அது பிறக்கும்.

ஆகவே இங்கே எல்லாமே நேரக் கணக்கு. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. ஒரு 1080பி படத்தில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் படம் ஒன்றுக்கு 6 மெகாபைட் தாண்டும். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 கிகாபிட். வீடுகளில் இருக்கும் நெட்வொர்க் கேபிள் பெரும்பாலும் 1 கிகாபிட்தான் தாங்கும், வைஃபை பல வீடுகளில் அதையும் தாங்காது. எச்.264, எச்.265, ஏவி1 போன்ற சுருக்கும் முறைகள் அந்த 3 கிகாபிட்டை 20 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவருகின்றன, அதாவது நூற்றைம்பதில் ஒரு பங்கு. இந்த வேலைக்கென்றே இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் தனிச் சுற்று ஒன்று உண்டு. என்விடியாவில் அதற்கு என்வென்க் என்று பெயர், இன்டெலில் குவிக் சிங்க். படம் வரையும் பகுதியும் சுருக்கும் பகுதியும் வேறுவேறு என்பதால் ஸ்ட்ரீம் செய்வதற்காகக் கேமின் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

பெரிய நிறுவனங்கள் இதையே தங்கள் டேட்டா சென்டரிலிருந்து செய்து பார்த்தன. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. மூடியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் தொலைவு என்ற சிக்கலை யாராலும் பேசித் தீர்க்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி 1000 கிலோமீட்டர் போகவே 5 மில்லிநொடி ஆகும், திரும்பி வர இன்னொரு 5. நடுவில் இருக்கும் சாதனங்களின் தாமதம் தனி. வீட்டுக்குள் அந்தத் தொலைவு பத்து மீட்டர் கேபிள். தாமதக் கணக்கில் அந்த வரியையே அடித்துவிடலாம்.

வீட்டுக்குள் ஸ்ட்ரீம் செய்ய இன்று பெரும்பாலோர் நாடுவது மூன்லைட் என்ற இலவச ஆப்பை. அதன் கதை சுவாரசியமானது. என்விடியா 2013-இல் தன் ஷீல்டு என்ற கையடக்கக் கேம் சாதனத்துக்காக கேம்ஸ்ட்ரீம் என்ற வசதியைக் கொண்டுவந்தது: என்விடியா கார்டிலிருந்து என்விடியா சாதனத்துக்கு மட்டும். அதே வருடம் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், அந்த இரண்டும் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்து, வேறு எந்தச் சாதனத்திலும் ஓடக்கூடிய ஆப்பாக எழுதினார்கள். அதுதான் இன்றைய மூன்லைட். அப்புறம் அனுப்பும் பக்கத்துக்கும் சன்ஷைன் என்ற திறந்த மென்பொருள் வந்தது; அது ஏஎம்டி, இன்டெல் கார்டிலும் வேலை செய்யும். 2023-இல் என்விடியா கேம்ஸ்ட்ரீமைக் கைவிட்டது. தன் கார்டை விற்க அது உருவாக்கிய மொழி இன்று போட்டிக் கம்பெனிகளின் கார்டுகளில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, சன்ஷைன் இருக்கும்போது, ப்ரோக்ராம்களைத் தனித்தனிச் சுவருக்குள் ஓட்டும் கன்டெய்னர் எதற்கு?

உங்களிடம் ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், ஆடுவது ஒரே ஆள் என்றால், எதற்கும் வேண்டாம். சன்ஷைனைப் போட்டுவிட்டு ஆடுங்கள்; இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். சன்ஷைன் செய்வது அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே அனுப்புவது. ஒரு திரை, ஒரு ஆள். ஹாலில் ஒருவர் ஆடும்போது அந்தக் கம்ப்யூட்டரில் இன்னொருவர் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. மவுஸ் தானாக ஓடும். மானிட்டர் இல்லாத சர்வராக இருந்தால், மானிட்டர் இருப்பதாகக் கார்டை நம்ப வைக்க எச்டிஎம்ஐ துளையில் ஒரு போலிப் பிளக் செருகுவது வழக்கம். இதோடு, அந்த சர்வர் குடும்ப ஃபோட்டோக்களுக்கு இம்மிச், படங்களுக்கு ஜெல்லிஃபின் என்று ஏற்கெனவே நாலு வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அதிலேயே ஸ்டீம் என்ற கேம் கடையின் ஆப்பையும் அது கேட்கிற நூறு லைப்ரரிகளையும் (துணை மென்பொருள் துண்டுகளையும்) கொட்டுவது யாருக்கும் பிடிக்காது.

முதலில் தோன்றும் மாற்று, மெய்நிகர் கணினி. ஒரு கம்ப்யூட்டருக்குள் முழுசாக இன்னொரு கம்ப்யூட்டரை மென்பொருளால் உருவாக்குவது. அதற்குள் தனி விண்டோஸ் போடலாம், பிரச்சினையே இல்லை, கிராஃபிக்ஸ் கார்டு வரும்வரை. கார்டை அதற்குக் கொடுப்பதென்றால் மொத்தமாகத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு வெளியே இருக்கும் சர்வருக்கோ இரண்டாவது மெய்நிகர் கணினிக்கோ அது இல்லை. கார்டைத் துண்டு போட்டுப் பங்கு வைக்கும் வசதியைப் பெரும்பாலும் டேட்டா சென்டர் கார்டுகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கன்டெய்னர் இதைச் சுற்றிக்கொண்டு போகிறது. எப்படி என்று புரிய, கர்னல் பற்றி ஒரு வரி: வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அடிமட்ட மென்பொருள்தான் கர்னல். மெய்நிகர் கணினி ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கர்னல் உண்டு. அது தனி வீடு. கன்டெய்னர் என்பது ஒண்டுக்குடித்தனம். நாலு குடும்பம், நாலு கதவு, உள்ளே அவரவர் சாமான். ஆனால் கிணறும் கொல்லையும் பொது. அந்தப் பொதுக் கிணறுதான் கர்னல்.

நடுவில் இருக்கும் சுவரை லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளம்) கர்னலே எழுப்புகிறது. ஒரு ப்ரோக்ராம் எதையெல்லாம் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் என்ற ஏற்பாடு தீர்மானிக்கும். எவ்வளவு நினைவகம், எவ்வளவு ப்ராசஸர் எடுத்துக்கொள்ளலாம் என்பதை சிகுரூப் என்ற ஏற்பாடு தீர்மானிக்கும். இது கர்னலுக்குள் வந்தது 2008-இல். இரண்டையும் சாமானியர் கைக்கு எட்டும்படி ஒரே கட்டளையாகச் சுருட்டிக் கொடுத்தது 2013-இல் வந்த டாக்கர். சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு கன்டெய்னருக்குள் போய் ஓடும் ப்ரோக்ராம்களைப் பட்டியலிட்டால் முதல் ப்ரோக்ராமின் எண் 1 என்று காட்டும். அது மட்டும்தான் உலகம் என்பது போல ஒன்றிரண்டு பெயர்தான் இருக்கும். அதே நேரம் வெளியே சர்வரில் பட்டியலிட்டால், அதே ப்ரோக்ராம் ஆயிரக்கணக்கான எண் ஒன்றோடு, ஃபோட்டோ சர்வருக்கும் சினிமா சர்வருக்கும் நடுவில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். உள்ளிருந்து பார்த்தால் தனி மெஷின். கர்னலின் கண்ணில் இன்னொரு ப்ரோக்ராம், அவ்வளவுதான்.

விஷயம் முழுக்க இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல்களில் இரண்டு ப்ரோக்ராம் படம் வரைந்தால் கிராஃபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் மாறிமாறி வேலை செய்கிறது இல்லையா? இரண்டு கன்டெய்னர்களுக்குள் இரண்டு கேம் ஓடினாலும் கார்டுக்கு அது அதே சமாச்சாரம்தான். துண்டு போட வேண்டாம், தனி லைசென்ஸ் வேண்டாம். பங்கீடு இலவசமாகக் கிடைக்கிறது.

சுவரில் போடும் ஓட்டைகள்

இணையதளமோ டேட்டாபேஸோ ஓடும் கன்டெய்னருக்கு வெளி உலகத்தோடு ஒரு நெட்வொர்க் கதவு போதும். கேமுக்குப் போதாது. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், திரை வேண்டும், ஸ்பீக்கர் வேண்டும், கையில் கன்ட்ரோலர் வேண்டும். கன்டெய்னர் என்பதே இவற்றையெல்லாம் மறைப்பதற்காக உண்டானது. ஆகவே கேமைக் கன்டெய்னரில் ஓட்டுவது என்றால், எழுப்பிய சுவரில் எந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை போடுவது என்கிற வேலைதான். அந்த வேலையைச் செய்து வைத்திருக்கும் திறந்த மென்பொருள் திட்டத்தின் பெயர் கேம்ஸ் ஆன் வேல்ஸ். அதன் சர்வர் ப்ரோக்ராமின் பெயர் வுல்ஃப். மூன்லைட் பேசும் மொழியிலேயே அதுவும் பேசும், ஆகவே டிவி பக்கம் புதிதாக எதுவும் போட வேண்டியதில்லை.

கார்டிலிருந்து தொடங்கலாம். லினக்ஸில் சாதனங்கள் பெரும்பாலும் கோப்பாகத் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டின் வரையும் பகுதி பல கம்ப்யூட்டர்களில் ரெண்டர்டி128 என்ற பெயரில் ஒரு கோப்பாக இருக்கும். அதைக் கன்டெய்னருக்குள் காட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி டிரைவர், அதாவது கார்டோடு பேசத் தெரிந்த மென்பொருள். ஏஎம்டி, இன்டெல் என்றால் மேசா என்ற பொது டிரைவரைக் கன்டெய்னருக்குள்ளேயே கட்டி வைத்துவிடுகிறார்கள், ஒரு கவலையும் இல்லை. என்விடியாவின் டிரைவருக்கு இரண்டு பாகம்: கர்னலில் ஒன்று, ப்ரோக்ராம்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் இன்னொன்று. இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தே ஆக வேண்டும். சர்வரில் டிரைவர் அப்டேட் ஆகி, கன்டெய்னருக்குள் பழைய லைப்ரரி கிடந்தால் கேம் திறக்கவே திறக்காது. நேற்று வரை ஓடியது, இன்று கறுப்புத் திரை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதிப்பு எண்களைத்தான். புதிதாகக் கார்டு வாங்கி இதைச் செய்ய நினைப்பவருக்கு நான் ஏஎம்டி பக்கம்தான் கை காட்டுவேன்.

அடுத்தது திரை. மானிட்டரே இல்லாத சர்வரில் கேம் எங்கே வரையும்? வுல்ஃப் ஒவ்வொரு ஆளுக்கும் நினைவகத்திலேயே ஒரு கற்பனைத் திரையை உருவாக்குகிறது. வேலண்ட் என்பது லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் அடுக்கும் முறை. அந்த முறையில் பேசும் ஒரு சின்ன ப்ரோக்ராம், "நான்தான் மானிட்டர்" என்று கேமிடம் சொல்லிவிடும். அந்தத் திரையின் அளவை முடிவு செய்வது மூன்லைட். டிவியிலிருந்து 4கே கேட்டால் 4கே திரை பிறக்கும், ஃபோனிலிருந்து 720பி கேட்டால் 720பி திரை. ஒரே நேரத்தில் இரண்டும் இருக்கலாம், ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. போலிப் பிளக் தேவைப்படாது. கேம் வரைந்த படம் கார்டின் நினைவகத்திலிருந்து வெளியே வராமலே பக்கத்துச் சுருக்கும் சுற்றுக்குப் போய்விடும். சாதாரண ரேமுக்குப் போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

ஒலிக்கும் இதே கதைதான்: பல்ஸ்ஆடியோ என்ற ஒலி சர்வரில் ஆளுக்கொரு கற்பனை ஸ்பீக்கர்.

கன்ட்ரோலர்தான் படுத்தும். பார்த்தால் நாலு பட்டன், இரண்டு குச்சி. அதில் இவ்வளவு இருக்குமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. டிவியில் நீங்கள் ஏ பட்டனை அழுத்துகிறீர்கள். "ஏ அழுத்தப்பட்டது" என்ற செய்தி சர்வருக்கு வருகிறது. ஆனால் கேமுக்குச் செய்தி படிக்கத் தெரியாது, கன்ட்ரோலரைத்தான் படிக்கத் தெரியும். ஆகவே வுல்ஃப், கர்னலின் யூஇன்புட் என்ற வாசல் வழியாக, இல்லாத ஒரு கன்ட்ரோலரைச் செருகியதாகக் கர்னலை நம்ப வைக்கிறது. உடனே சர்வரில் புதுச் சாதனக் கோப்பு ஒன்று முளைக்கிறது. முளைத்தது சுவருக்கு வெளியே. கேமோ சுவருக்கு உள்ளே. அதன் சாதனப் பட்டியல் கன்டெய்னர் தொடங்கியபோதே முடிவாகிவிட்டது. பாதி ஆட்டத்தில் இரண்டாவது ஆள் கன்ட்ரோலரை ஆன் செய்தால் அது உள்ளே தெரியாது. கோப்பை உள்ளேயும் உருவாக்கினால் மட்டும் தீராது. "புதுச் சாதனம் வந்திருக்கிறது" என்று யூடெவ் என்ற அறிவிப்பாளர் சொன்னால்தான் பல கேம்கள் திரும்பியே பார்க்கும். யூடெவ் ஓடுவது வெளியே. அதனால் வுல்ஃப் கன்டெய்னருக்குள் கோப்பையும் உருவாக்கி, யூடெவ் சொல்வது போலவே ஒரு போலி அறிவிப்பையும் உள்ளே அனுப்புகிறது.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. வெளியே முளைத்த கோப்பு சர்வரின் சொந்த டெஸ்க்டாப்புக்கும் தெரியுமே! சர்வரில் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், ஹாலில் ஆடுபவர் அசைக்கும் மவுஸ் அவர் திரையிலும் அசையும். இதற்காக, வுல்ஃப் உருவாக்கும் சாதனங்களை லினக்ஸின் கணக்கில் வேறொரு இருக்கையில் உட்கார வைக்கும் ஒரு விதிக் கோப்பை நிறுவும்போதே சேர்க்கச் சொல்கிறார்கள். பலர் அந்தப் படியைத் தாண்டிவிட்டு அப்புறம் விழிப்பார்கள். இத்தனையும் சரியாக அமைந்தால், அண்ணன் ஒடிக்கும் ஸ்டியரிங்குக்குத் தங்கையின் கார் திரும்பாது. ஆளுக்கொரு கன்டெய்னர் கொடுப்பதன் பலன் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

தொடங்கும்போது நடப்பவை

ஃபோனில் மூன்லைட்டைத் திறந்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள சர்வரின் பெயர் வரும். தொட்டால் நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். அந்த எண்ணை எங்கே போடுவது என்று புதியவர்கள் தேடுவார்கள். சர்வரில் வுல்ஃபின் பதிவுகளைப் பார்த்தால், 47989 என்ற போர்ட் (நெட்வொர்க் வாசல்) எண்ணோடு ஒரு வலை முகவரி அச்சாகியிருக்கும். அதை பிரவுசரில் திறந்து எண்ணைப் போட்டால் இரண்டும் சான்றிதழ்களை மாற்றிக்கொண்டு ஜோடி சேரும். ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது ஃபோனில் ஸ்டீம், ரெட்ரோஆர்ச், ஃபயர்ஃபாக்ஸ் என்று ஐகான்கள் வரும். இவற்றில் எதுவும் அந்த நேரத்தில் சர்வரில் ஓடிக்கொண்டிருக்காது. ஸ்டீமைத் தொட்டதும்தான் கற்பனைத் திரை பிறக்கும், கற்பனை ஸ்பீக்கர் பிறக்கும், ஸ்டீம் கன்டெய்னர் எழும். முதல் தடவை கன்டெய்னரின் மூலப் பிரதி இணையத்திலிருந்து இறங்க வேண்டும். சில நிமிடம் ஆகலாம், உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஆடி முடித்து வெளியேறினால் கன்டெய்னர் அழிந்துபோகும், திரையும் சேர்த்து. ஆட்டம் நடக்காத நேரத்தில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை.

கன்டெய்னர் அழிந்தால் சேவ் செய்த ஆட்டம்? அது பத்திரம். சேவ் கோப்புகளும் ஸ்டீம் லாகினும் உள்ள ஃபோல்டர் சர்வரின் டிஸ்கிலேயே இருக்கிறது, கன்டெய்னர் எழும்போது உள்ளே இணைக்கப்படுகிறது. ஆனால் ஒன்று: ஜோடி சேர்ந்த ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி ஃபோல்டர் என்பதுதான் இயல்பான அமைப்பு. டிவியில் லாகின் செய்து பாதி ஆடிய கேமை ஃபோனில் தொடரலாம் என்று திறந்தால், ஸ்டீம் புதிதாக லாகின் கேட்கும். வெவ்வேறு ஆட்களுக்கு இது வசதி, ஒரே ஆளுக்குத் தொந்தரவு. வுல்ஃபின் அமைப்புக் கோப்பில் இரண்டு சாதனங்களுக்கும் ஒரே ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் சரியாகிவிடும். கேம்களை இறக்கும் இடத்தையும் பொதுவான ஃபோல்டராக இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அதே 100 கிகாபைட் கேமை இரண்டு தடவை இறக்கி வைத்திருப்பீர்கள்.

எதற்கு ஆகாது

கன்டெய்னருக்குள் இருப்பது லினக்ஸ். விண்டோஸுக்காக எழுதிய கேம்கள் அதில் ஓடுவது வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ப்ரோட்டான் என்ற இடைமென்பொருளின் தயவில். தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை பிரமாதமாக ஓடுகின்றன. ஆன்லைனில் போட்டி போடும் கேம்களில் சில ஓடவே ஓடாது, ஏமாற்று வேலையைப் பிடிக்கும் மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. வாலரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் இந்தப் பட்டியலில் உண்டு. வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது இவைதான் என்றால் விண்டோஸும் சன்ஷைனும்தான் வழி.

கார்டின் நினைவகமும் ஒரு எல்லை. சர்வரின் ரேமுக்குக் கன்டெய்னர்வாரியாக வரம்பு போட டாக்கரில் வழி இருக்கிறது, கார்டின் நினைவகத்துக்கு இல்லை. 8 கிகாபைட் கார்டில் 6 கிகாபைட் கேட்கும் இரண்டு கேம்களை ஏற்றினால் இரண்டும் திக்கும். முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்றெல்லாம் கிடையாது. ஒருவர் பெரிய கேம், இன்னொருவர் பழைய கேம் என்றால் அதே கார்டில் நிம்மதியாக ஆடலாம். இரண்டு பேரும் ஒரே ஸ்டீம் கணக்கில் ஒரே நேரத்தில் ஆடலாம் என்றும் கனவு காண வேண்டாம். குடும்பத்துக்குள் கேம்களைப் பகிரும் வசதி ஸ்டீமில் இருக்கிறது. ஆனால் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கன்டெய்னர் என்றாலே பத்திரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இங்கே அது பொருந்தாது. ஸ்டீம் தன் கேம்களைத் தானே இன்னொரு சிறு கன்டெய்னருக்குள் ஓட்டுகிறது, அதற்கு வழிவிடவே நிறையப் பூட்டுகளைத் திறக்க வேண்டியிருக்கிறது. வுல்ஃப் தேவையானபோது கன்டெய்னர்களை எழுப்ப வேண்டும் என்பதால் டாக்கரின் கட்டுப்பாட்டு சாக்கெட்டை (அதற்குக் கட்டளை போடும் வாசலை) அதன் கையில் கொடுக்கிறோம். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு முழு சர்வரும் சொந்தம். ஆகவே இந்த ஏற்பாட்டில் சுவர் ஒழுங்குக்காக, ஒன்றின் குப்பை இன்னொன்றில் கலக்காமல் இருப்பதற்காக. திருடனைத் தடுப்பதற்காக அல்ல. ரவுட்டரில் போர்ட்களைத் திறந்து இதை நேரடியாக இணையத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் பணம் செலவழிக்க ஓர் இடம்தான் உண்டு: சர்வரிலிருந்து ரவுட்டருக்குக் கேபிள். பத்து மீட்டர் கேபிள் செய்யும் நன்மையை விலை உயர்ந்த ரவுட்டர் செய்யாது. டிவிக்கும் கேபிள் போட முடிந்தால் இன்னும் நல்லது, முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போதும், 2.4-இல் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் கூச்சல் அதிகம். வைஃபையில் வேகம் பெரிய பிரச்சினை இல்லை. 20 மெகாபிட் எந்த ரவுட்டரும் தரும். ஒரு படம் 3 மில்லிநொடியிலும் அடுத்தது 40 மில்லிநொடியிலும் வந்து சேர்வதுதான் பிரச்சினை. வீடியோத் துண்டுகள் யூடிபி முறையில் போகின்றன, அதாவது தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டுக் காத்திருப்பதில்லை. தாமதமாக வந்த படத்தை வைத்து என்ன செய்ய? அதற்குப் பதிலாக, கொஞ்சம் தொலைந்தாலும் மீதியிலிருந்து கணக்குப் போட்டு மீட்கும்படி உபரித் துண்டுகளையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். அதையும் மீறித் தொலைந்தால் மூன்லைட் முழுப் படம் ஒன்றைப் புதிதாகக் கேட்கும், அந்தக் கணம் திரை லேசாகக் கட்டம் கட்டமாக உடைந்து சேரும். மூன்லைட்டில் புள்ளிவிவரங்களைத் திரையில் காட்டும் வசதியை ஆன் செய்தால், தாமதம் நெட்வொர்க்கில் ஆகிறதா, ஃபோன் வீடியோவை விரிப்பதில் ஆகிறதா என்று பிரித்துக் காட்டும். பார்க்காமல் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை, கூட்டிக் குறைப்பது வீண்.

வெளியூரிலிருந்து வீட்டு சர்வரில் ஆடலாமா? ஆடலாம், ஆனால் நேரே முடியாது. பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் வீட்டைக் குறிப்பிட்டுக் கூப்பிட வழி இருக்காது. டெயில்ஸ்கேல் போன்ற ஒன்று இங்கே உதவும்: ஃபோனையும் சர்வரையும் மறைகுறியிட்ட ஒரு தனி நெட்வொர்க்கில் சேர்த்துவிடும், போர்ட் எதையும் திறக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் நேரடியாகவே பேசிக்கொள்ளும். முடியாதபோது இடையில் ஒரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், அப்போது தாமதம் கூடும். மூன்லைட்டில் சர்வரின் டெயில்ஸ்கேல் முகவரியைக் கையால் சேர்க்க வேண்டும், தானாகக் கண்டுபிடிக்காது. கார் ரேஸுக்கு இது சரிப்படாது. நிதானமாக யோசித்து ஆடும் கேம் என்றால் தாராளமாக ஓடும்.

ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். 20 மெகாபிட் ஸ்ட்ரீம் மணிக்கு 9 கிகாபைட் தின்னும். ஒரு நாளைக்கு 2 கிகாபைட் தரும் ஃபோன் பிளானில் அது பதின்மூன்று நிமிட ஆட்டம். பிட்ரேட்டை 5-க்கு இறக்கி, படத்தையும் 720பி ஆக்கினால் அம்பது நிமிடத்துக்கு மேல் இழுக்கலாம். ஃபோன் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.